பச்சை டிக் விழுந்த நம்பர்

சிலமலை ஊர்க்காரர் கண்ணுச்சாமி, மகள் தமிழினிக்காகப் போடியில் ஒரு கல்யாணத் தகவல் நிலையத்தில் பதிந்து வைத்திருந்தார். அதை நடத்தும் காமராஜ் ஒரு வரனின் விவரத்தை அச்செடுத்துக் கொடுத்தார். பையன் பெயர் நிலவன். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். பெண் வீட்டார்தான் முதலில் பேச வேண்டும் என்பது அந்த நிலையத்தின் வழக்கம்.

கண்ணுச்சாமி அன்று மாலையே அழைத்தார். எடுத்தது ஒரு பெண்.

"அவுரு தோட்டத்துக்குப் போயிருக்காருங்க."

"நீ யாரும்மா?"

"அவுரு சம்சாரங்க. நீங்க யாருங்க?"

கண்ணுச்சாமி பதில் சொல்லாமல் துண்டித்தார். உடனே காமராஜை அழைத்துக் கத்தினார். காமராஜ், பையனை வாட்ஸ்அப்பில் அழைத்து விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"அண்ணே, அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்கிறான். உங்க போனே வரலையாம்."

"நான் பேசுன போனு வரலைன்னு பொய் வேற சொல்றானா? நீயும் கூட்டா?"

அப்பாவின் கோபம் தமிழினிக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒன்று உறுத்தியது. மாட்டிக்கொண்டவன் ஆயிரம் சாக்குச் சொல்லலாம். பேசிய அழைப்பையே வரவில்லை என்பானா? மறுநாள் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து அவளே அந்த நம்பரை அழைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னக்கா?"

"நேத்து ஒரு ஆம்பள, இன்னைக்கு நீ. என்ற வூட்டுக்காரரை எதுக்கும்மா ஒரு பொம்பளப்புள்ள தேடுது?" அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு; குரங்கணிப் பக்கத்துப் பேச்சு இல்லை.

மதியம் தமிழினி காமராஜின் நிலையத்துக்குப் போனாள். அங்கே பதிவு செய்யும் சுசித்ரா அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரன்களைப் பதியும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியதும் அவள்தான்.

"நம்பரை நான் மாத்திப் போட்டேன்னு சொல்ல வந்தியா? தப்பா இருந்தா அது வாங்காது. பத்து நம்பரும் விழுந்தாத்தான் பச்சை டிக் வரும்."

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. என் முன்னால ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

மற்றவர்கள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நிலவன் தன் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சுசித்ரா அதை அப்படியே எடுத்துக் கட்டத்தில் ஒட்டினாள். பச்சை டிக் விழுந்தது. "பாத்தியா?"

தமிழினி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். வாட்ஸ்அப்பில் முதலில் பிளஸ் தொண்ணூற்றொன்று இருந்தது. கட்டம் பிளஸை உதறிவிட்டு, நாட்டுக்குரிய அந்தத் தொண்ணூற்றொன்றையும் நம்பரோடு சேர்த்து எண்ணியிருந்தது. பத்து ஆனதும் நிறுத்திக்கொண்டது.

"அக்கா, கடைசி ரெண்டைக் காணோம்."

சுசித்ரா இரண்டு நம்பர்களையும் விரல் வைத்து ஒப்பிட்டாள்.

"ஒம்போதுல ஆரம்பிச்சதால அதுவும் யாரோ ஒருத்தரோட நம்பராயிருச்சு. கூடுதலா வந்தா வேணாம்னு சொல்லணும். வெட்டிட்டு டிக் போட விட்டுட்டேனே" என்றாள். பிறகு மெதுவாக, "இப்படி இன்னும் எத்தனை பேரோ" என்றபடி மற்ற வரன்களின் பக்கங்களைத் திறக்க ஆரம்பித்தாள்.

தமிழினி வாசலில் நின்று முழு நம்பரையும் அழுத்தினாள். நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க நெசமாவே தமிழினிதானா?" என்றான் நிலவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "காமராஜ் அண்ணன் கேட்டப்ப போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சுங்க. தோட்டத்து ஆளுங்க அத்தனை பேரும் கேட்டுட்டாங்க. நேத்துலேர்ந்து ஒரு மாதிரி பாக்குறாங்க."

"தப்புதான். அங்க வந்தே அவங்ககிட்ட சொல்றோம்."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஜீப்பில் ஏறிப் போனார்கள். நம்பர் மாறியது தெரிந்தும் கண்ணுச்சாமிக்குச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. குரங்கணி டீக்கடையில் ஒருமுறை, தோட்டத்து வாசலில் ஒருமுறை பையனைப் பற்றி விசாரித்தார். அங்கிருந்த ஆட்களிடம் தமிழினி நம்பர் மாறிய கதையைச் சொன்னாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நிலவனின் அம்மா மூக்கம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டியபடியே கேட்டாள்: "வழியெல்லாம் விசாரிச்சீகளாம்ல. இன்னும் யாரும் பாக்கி இருக்காகளா?"

கண்ணுச்சாமி தலை குனிந்தார். "பொம்பளப்புள்ளயப் பெத்தவன் தாயி. கோவிச்சுக்கிறாதீக."

"அவரு கேட்டு முடிச்சிட்டாரு அத்தை. நான்தான் பாக்கி" என்றாள் தமிழினி. நிலவன் எழுந்து வெளியே வந்தான். ஏலச்செடிகளுக்கு நடுவே இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது தமிழினி அப்பாவைப் பார்த்துச் சம்மதமாய்த் தலையசைத்தாள்.