முட்டி படும் இடம்

லிம்பெர்ட் எழுந்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்தான். நேற்றைய ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றான். வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினான். மனைவி சுல்மா இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

ஒருரோ நகரில் அது கார்னிவல் திருவிழா வாரம். அவன் டாக்டராக இருந்த மருத்துவமனையின் வாசலில், ஒத்திகையில் முட்டி வீங்கிய ஆட்டக்காரர்கள் நொண்டிக்கொண்டு நின்றார்கள். சனிக்கிழமை ஊர் முழுக்க ஆடிவிட்டு, கடைசியில் முட்டி போட்டபடியே மாதா கோயிலுக்குள் ஊர்ந்து போக வேண்டும். வரிசையில் முதல் ஆள் அவன் மாமியார் பசிலியா. சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவள். வலது முட்டி பொதுபொதுவென்று வீங்கியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். முட்டிச் சில்லுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"ஊசிய இங்க குத்து. தரையில படற இடம் இதுதான். பெரிய டாக்டர் போன வருஷம் இங்கதான் போட்டாரு."

"எரிஞ்சுதா?"

"நெருப்பு மாதிரி. எரிஞ்சாதானே மருந்து ஏறுதுன்னு அர்த்தம்."

"மருந்து மூட்டுக்குள்ளயே போகல அத்தை. முன்னாடி இருக்கிற கொழுப்புல நின்னுபோச்சு. அதான் எரிஞ்சது. படுங்க. காலை நீட்டுங்க."

பெரிய டாக்டர் கதவருகே வந்து நின்றார். "உக்காரவெச்சு முன்னாடி குத்தி அனுப்புப்பா. வெளிய கூட்டம் நிக்குது. ஒவ்வொருத்தரையும் படுக்கவெச்சுத் தாலாட்டப் போறியா?"

"உள்ள நீர் கோத்திருக்கு. மேல, வெளிப்பக்கமா, சில்லுக்கு அடியில போனாதான் எடுக்க முடியும். உங்க அவசரத்துக்கு இவங்க காலைப் பலி குடுக்கணுமா?"

அவர் போன வேகத்தில் கதவு அதிர்ந்தது.

லிம்பெர்ட் சில்லை லேசாகத் தள்ளிப் பிடித்தான். ஊசி தடையில்லாமல் உள்ளே போனது. மஞ்சள் நீர் குழலில் ஏறியது. பிறகு மருந்தைச் செலுத்தினான்.

"எரியவே இல்லயே." பசிலியா சந்தேகமாகப் பார்த்தாள். "சனிக்கிழமை முட்டி போடலாமா?"

"கூடாது. ஆடவும் கூடாது."

"மூணாவது வருஷம்டா இது. சுல்மா பொழைக்கணும்னு மூணு வருஷம் ஆடறதா மாதாகிட்ட நேர்ந்திருக்கேன்."

"அவ பொழைக்கல. உங்க மாதா சொல்லைக் காப்பாத்தல. நீங்க மட்டும் எதுக்கு ஊர்ந்து போறீங்க?"

"வாயைக் கழுவுடா. என் பொண்ணு மாதா பேரைச் சொல்லித்தான் கண்ண மூடினா. பாதிரியாரே பூசையில சொன்னாரு."

"பாதிரியார் பக்கத்துல இல்ல. நான் இருந்தேன்." ஊசித் தட்டை மேசையில் அறைந்தான்.

அவள் முட்டியைப் பொத்திக்கொண்டாள். "அப்ப என்னதான் சொன்னா?"

சுல்மாவின் கடைசிச் சொல்லில் மாதா பெயரில்லை. அவன் பெயருமில்லை. போன வருஷ ஆட்டம் முடிந்து பசிலியா மகளின் கட்டிலருகே நொண்டி வந்து நின்றாள். அவள் வெளியே போன பிறகு சுல்மா அவன் பக்கம் திரும்பிச் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"அம்மா முட்டி போட்டது போதும்."