ஒன்பதாவது புத்தகமும் ஏழு தூக்கும்

மரிய சுகந்திக்கு அந்தச் சனிக்கிழமை மதியம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நாற்பது பக்கம். நாற்பதே நாற்பது பக்கம் நிம்மதியாகப் படிக்க ஒரு மனுஷியை இந்த அபிஷேகப்பாக்கத்தில் விடுவார்களா என்றால், விடமாட்டார்கள். குழம்பை இறக்கி, புருஷன் அமல்தாசுக்குச் சோறு போட்டு, அவர் குறட்டை விடத் தொடங்கியதும் ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப்போட்டு, புத்தகத்தை மடியில் விரித்து ஒரு வரிகூட முடிக்கவில்லை. கேட் கிறீச்சிட்டது.

"டீச்சர்! டீச்சர், இருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். ஜன்னல் திறந்து கிடந்தது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் ஹில்டா மோஸ் என்று ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை துப்பறிகிற கதைகள், மொத்தம் பதினொன்று. ஹில்டாவுக்கு ஐம்பத்தாறு வயது. குள்ளம். ஒரு காது கேட்காது, வருஷம் முழுக்கச் சளி. துப்பாக்கி கிடையாது, காரில் துரத்துவது கிடையாது. போன வீட்டில் யாரும் உட்காரச் சொல்லக்கூட மாட்டார்கள். அவளும் 'இந்த டீ கப்பை யார் கழுவினது?' என்கிற மாதிரி அற்பக் கேள்வியாகக் கேட்டு எல்லார் உயிரையும் வாங்குவாள். பெரிய அதிகாரிகள் பெரிய கேள்வியாகக் கேட்டுத் திண்டாட, இவள் கப்பையும் கரண்டியையும் பிடித்துக்கொண்டே போய்க் கொலைகாரனை நிறுத்திவிடுவாள். முப்பது வருஷமாக அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தியும் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு தடவைகூட யாரும் தன் பேச்சைக் காதில் வாங்காத டீச்சருக்கு அவளைப் பிடிக்காமல் வேறு யாரைப் பிடிக்கும்?

புத்தகங்களை அனுப்புவது லண்டனில் இருக்கும் தங்கை லூசி. அவளிடம் தலைதலையாய் அடித்துக்கொண்டாலும் வரிசைப்படி அனுப்பமாட்டாள். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டதை வாங்கி, ஊருக்கு வருகிறவர் பெட்டியில் திணித்துவிடுவாள். முதலில் வந்தது ஐந்து. அப்புறம் எட்டு. அப்புறம் இரண்டு. எட்டில் செத்துப்போன சார்ஜெண்ட் இரண்டில் கோட்டு சூட்டு போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். அந்தக் கல்யாணத்தைப் படித்துவிட்டுச் சுகந்தி ஒரு நாள் பூரா அழுதாள். "நம்பர் பாத்து வாங்கத் தெரியாதாடி உனக்கு?" என்று போனில் கத்தினாள். "படிக்கிறவளுக்கு நம்பர் இன்னாத்துக்கு?" என்றாள் லூசி. இப்போது மடியில் இருக்கிற ஒன்பது வந்து சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று.

இது போதாதென்று, 'எங்க வூட்டுக்காரி துப்பறியுற புக்கெல்லாம் படிக்கிறா' என்று அமல்தாஸ் டீக்கடையில் ஒருநாள் பெருமையடித்து வைத்தார். அன்றிலிருந்து ஊரில் ஆடு காணாமல் போனாலும், கோயில் வாசலில் செருப்பு மாறிப்போனாலும் இவள் வீட்டுக் கேட்தான்.

இந்தத் தடவை வந்திருந்தது எதிர்வீட்டு வள்ளியம்மாள்.

"சங்கிலி போச்சி டீச்சர். ரெட்ட வடம், அஞ்சு பவுனு. நேத்து பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனோமே, அப்பதான். எடுத்தது யாருன்னு தெரிஞ்சிபோச்சி. பாத்திரம் கழுவ வந்தாளே ஜெயசுதா, அவதான். ஒத்துக்க மாட்டேங்குறா. நீங்க வந்து நாலு கேள்வி கேட்டா கக்கிடுவா."

"யாருன்னு தெரிஞ்சிபோச்சின்னா நான் எதுக்கு அக்கா?"

"போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுடலாம்னுதான். அவரு அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கெளம்புறாரு."

மணி மூன்றரை. சுகந்தி புத்தகத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி மூடினாள். மூடும்போதே வயிற்றெரிச்சலாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடக்கும்போதுதான் வள்ளியம்மாள் அடுத்ததைச் சொன்னாள்: காலையிலேயே தெரு வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லியாகிவிட்டதாம். வள்ளியம்மாளுக்கு எழுத வராது. எதுவானாலும் பேசித்தான் அனுப்புவாள். சுகந்தி நின்று போனை எடுத்தாள். நாற்பது பக்கத்துக்காகக் குரூப்பின் வாயைக் காலையிலேயே அடைத்து வைத்திருந்தாள். இப்போது திறந்து காதில் வைத்தாள்.

"எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். இந்த ஜெயசுதாவ யாரும் வூட்டுக்குள்ள சேக்காதீங்க. என் சங்கிலிய எடுத்துட்டா. புருசன் போனவளாச்சேன்னு பாவம் பாத்ததுக்கு நல்லா காட்டிட்டா புத்திய."

நூற்றுப்பன்னிரண்டு பேர் இருக்கிற குரூப். தொண்ணூறு பேர் கேட்டுவிட்டதாக வள்ளியம்மாளின் போன் காட்டிற்று.

ஜெயசுதாவுக்கு இருபத்தெட்டு வயது. புருஷன் பைக் விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. வருகிற திங்கட்கிழமை வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர வேண்டும். அந்த வேலைக்காக ஆறு மாதம் நடையாய் நடந்திருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்துக் கிளார்க்கும் இதே தெருதான், இதே குரூப்தான். 'இந்தப் பிரச்சினைய முடிச்சிட்டு வாம்மா, இல்லன்னா வராத' என்று மத்தியானமே போன் பண்ணிவிட்டாராம்.

வள்ளியம்மாள் வீட்டு வாசலில் நேற்றுக் கட்டிய வாழை மரம் சாய்ந்து கிடந்தது. உள்ளே அவள் புருஷன் அரங்கநாதன் வெளுத்த சட்டை போட்டு, அதற்குள் ஸ்டேஷனுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். சமையல்கட்டு நிலைப்படிக்கு வெளியே ஜெயசுதா நின்றாள். அழுது முடித்த முகம். பின்கட்டுப் பக்கம் கூடியிருந்த பெண்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கொல்லை வழியாகக் கடத்தியிருப்பாள் என்றாள் ஒருத்தி. சேட்டுக் கடைக்கே போயிருக்கும் என்றாள் இன்னொருத்தி.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க," என்றாள் சுகந்தி, ஏழாம் வகுப்பில் பேசுகிற குரலில். மூடினார்கள்.

"அக்கா, சங்கிலிய ஏன் கழட்டுனீங்க?"

"இது ஒரு கேள்வியா? பொண்ணுக்குப் பொடவ கட்டிவுட்டப்ப ஜரிகையில மாட்டி கொக்கி பிச்சிக்கிச்சி. கழட்டி பீரோல வெச்சேன்."

"வெச்சது ஞாபகம் இருக்கா?"

"கல்யாணம் ஆன நாளா பீரோலதான் வெக்கிறேன்!"

"நேத்து வெச்சது ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். பீரோ சாவி யார்கிட்ட இருந்துச்சி?"

"அவரு சட்டப் பையில. எப்பவும் அங்கதான்."

"அவரு எங்க இருந்தாரு?"

அரங்கநாதன் சலித்துக்கொண்டார். "மாலை வாங்க வில்லியனூர் போயி மாட்டிக்கிட்டேன் டீச்சர். பத்து மணிக்குப் போனவன் பன்னெண்டரைக்குத்தான் வந்தேன். இதுக்கும் சங்கிலிக்கும் இன்னா சம்பந்தம்? நாலு அதட்டு அதட்டிக் கேப்பீங்கன்னு பாத்தா..."

புடவை கட்டிய நேரம் கேட்டால் ஆளுக்கொரு மணி சொன்னார்கள். பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தாள் சுகந்தி. புடவை கட்டும்போது எடுத்த படத்தில் பதினொன்று முப்பத்தெட்டு என்றிருந்தது. வள்ளியம்மாள் கழுத்தில் சங்கிலியும் இருந்தது. அடுத்த படத்தில், பதினொன்று ஐம்பதுக்கு, கழுத்து வெறுமையாக இருந்தது.

"பன்னெண்டரைக்கு வந்த சாவிய வெச்சி, பன்னெண்டுக்கு முன்னாடி எப்படி அக்கா பீரோவ தொறந்தீங்க?"

வள்ளியம்மாள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் பீரோவைப் பார்த்தார்.

"சரி, வேற எங்கயோ வெச்சிருப்பேன்," என்றாள் வள்ளியம்மாள். "அங்கேர்ந்து இவ எடுத்திருப்பா!"

சுகந்திக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஹில்டாவுக்கு ஒரு காது கேட்காதது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அப்போதுதான் விளங்கிற்று. அவள் ஜெயசுதா பக்கம் திரும்பினாள்.

"அந்த நேரத்துல நீ இன்னா கழுவிக்கிட்டு இருந்தே?"

"களி வந்த தூக்குங்கள டீச்சர்," என்றாள் ஜெயசுதா. "ஏழு தூக்கு."

பெண் பெரியவளானால் சொந்தக்காரர்கள் உளுந்தங்களி கிண்டித் தூக்குப் பாத்திரத்தில் எடுத்து வருவார்கள். வந்த தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தூக்காகக் கொடுக்கக் கூடாது. ஒரு கை அரிசியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

"கழுவி?"

"துணியால தொடச்சி, மூடியோட அலமாரில வரிசையா வெச்சேன்."

"அரிசி யாரு போட்டது? நீயா?"

ஜெயசுதா புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"போடலாம்னு அரிசி டப்பாவுல கைய வெச்சேன் டீச்சர். 'நீ போடாதடி, நல்ல காரியம் நடக்குற வூடு'ன்னு இந்த வள்ளிப் பெரிம்மா கைய தட்டிவுட்டாங்க. சமையல்கட்டவுட்டே வெளிய போகச் சொன்னாங்க. அப்ப வெளிய வந்தவதான். இன்னிக்கி வரைக்கும் இந்த நெலப்படி தாண்டல."

பெண்களில் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப அந்த ஏழு தூக்கையும் அப்புறம் தொட்டது யாரு அக்கா?"

"நான்தான். வேற யாரு தொடுவா? ஏழுலயும் நான்தான் போட்டேன். பஸ்ஸு போயிடும்னு அவங்கவங்க அவசரப்படுத்தினாங்க. போட்டோவுக்குன்னு கண்ணாடிய வேற கழட்டி வெச்சிருந்தேன், ஒண்ணும் தெரியல, கைக்கு வந்தத அள்ளி அள்ளி..."

அங்கேயே நின்றுவிட்டாள். கை கழுத்துக்குப் போயிற்று.

"கொக்கி போனத கையில வெச்சிக்கிட்டு நின்னேன்," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "போட்டோவுக்குக் கூப்புட்டாங்க. மூடி இருக்குற பாத்தரமா பாத்து... ஐயையோ." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தோடு முடிந்ததா? முடியவில்லை. ஏழு வீட்டுக்கும் போன் போடுங்கள் என்றதும் வள்ளியம்மாளுக்கு முகம் மாறிற்று.

"அதெப்படி டீச்சர்? சொந்தக்காரங்க வூட்டுக்குப் போன் பண்ணி, நாங்க குடுத்த தூக்குல நக இருக்கா பாருன்னு எந்த வாயால கேக்குறது? எடுத்துக்கிட்டியான்னு கேட்ட மாதிரி ஆவாதா? நாளைக்கி ஒரு நல்லது கெட்டதுக்கு மூஞ்சில முழிக்க வேணாமா?"

சுகந்திக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிவிட்டது. "அரிசிக்குள்ள கைய வுட்டுப் பாருன்னு கேட்டா அவங்களுக்கு அசிங்கம்! நூத்திப் பன்னெண்டு பேருக்கு நடுவுல திருடின்னு சொன்னா இவளுக்கு மட்டும் அசிங்கம் இல்லையா? இவ மூஞ்சில நீங்க முழிக்க வேணாமா? நீங்க போட மாட்டீங்கன்னா நான் போடுறேன், குடுங்க போன!"

அவளே போட்டாள். முதல் மூன்று வீட்டில் அரிசியைச் சோற்றோடு சோறாகப் பொங்கித் தின்றாகிவிட்டது. கல்லுகூட இல்லை என்றார்கள். நாலாவது, பண்டசோழநல்லூரில் இருக்கும் வள்ளியம்மாளின் நாத்தனார் ஆதிலட்சுமி. வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கைத் திறக்கவே இல்லை, பரண்மேல் கிடக்கிறது என்றாள். இறக்கித் தட்டில் கொட்டச் சொன்னாள் சுகந்தி. அரிசி கொட்டுகிற சத்தம் போனில் கேட்டது. அப்புறம், "அடியே வள்ளீ!" என்று ஒரு அலறல்.

வீடே குலுங்கிற்று. அரங்கநாதன் வெளுத்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று வள்ளியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரோ காபி கலக்க ஓடினார்கள். ஜெயசுதா நின்ற இடத்திலேயே நின்றாள். ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுகந்திக்கு ஒரு கோபம் வந்தது. அது வள்ளியம்மாள்மேல் மட்டும் வந்த கோபம் இல்லை. ஹில்டா மோஸ் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுவாள், புத்தகம் முடிந்துவிடும். நடுவில் இருநூறு பக்கம் சந்தேகப்பட்டுச் சீரழித்தார்களே, அந்த வேலைக்காரப் பெண் என்ன ஆனாள்? ஐந்திலும் சொல்லவில்லை, எட்டிலும் சொல்லவில்லை. எழுதின மகராசிக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

"அக்கா, குரூப்புல போட்டீங்களே, அதுக்கு இன்னா பண்றது?"

"கெடச்சதுமே அழிச்சிட்டேன் டீச்சர்," என்றாள் வள்ளியம்மாள், ரொம்பப் பெருந்தன்மையாக.

"அழிச்சா? கேட்டவங்க காதுல இருக்குறதயும் அழிச்சிட்டீங்களா? பேசி அனுப்புங்க."

வள்ளியம்மாள் முனகிக்கொண்டே போனை வாய்க்குக் கிட்டே வைத்தாள். "சங்கிலி கெடச்சிடுச்சி. சாமி புண்ணியம்."

"இது இல்ல. மறுபடி."

"சங்கிலி கை தவறி எங்கியோ போயி, இப்ப கெடச்சிடுச்சி. யாரும் தப்பா நெனச்சிக்காதீங்க."

"யாரு கை தவறி? யாரத் தப்பா நெனச்சாங்க? பேரோட சொல்லுங்க அக்கா. காலையில பேரோடதானே சொன்னீங்க?"

"வுடுங்களேன் டீச்சர், அதான் கெடச்சிடுச்சே," என்றார் அரங்கநாதன்.

"நீங்க சும்மா இருங்க!"

மூன்றாம் முறை வள்ளியம்மாள் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். நிலைப்படிக்கு வெளியே நின்றவளை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். குரல் காலையில் வந்த குரலாக இல்லை.

"நான் வள்ளியம்மா பேசுறேன். சங்கிலிய நான்தான் என் கையால தூக்குல போட்டு, அது மேல அரிசியும் போட்டு அனுப்பிட்டேன். ஜெயசுதா எடுக்கல. அவள அரிசியத் தொடக்கூட நான் வுடல. தப்பு என்னுது."

அனுப்பினாள். காபி வந்தது. முதல் டம்ளரை வள்ளியம்மாளே எடுத்து, "உள்ள வந்து குடிடி," என்று நீட்டினாள். ஜெயசுதா வாங்கவில்லை. தன் போனில் அந்தப் பேச்சைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானை அது போகிற மட்டும் அழுத்தி, வாசலைத் தாண்டி நடந்தாள்.

சுகந்தி வீடு திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். ஒரு வரி ஓடவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வள்ளியம்மாள் குரல் முதலிலிருந்து முடிவு வரை கேட்டது. முடிந்ததும் அடுத்த வாசலில் மறுபடி தொடங்கிற்று. அமல்தாஸ் கண்ணைத் திறந்து, "இன்னா சுகந்தி சத்தம், தூங்க வுடாம?" என்றார்.

"பேசாம கேளுங்க," என்றாள்.

நாலாவது வாசல் கிளார்க் வீடு. அங்கே மூன்று தடவை ஓடிற்று. மூன்றாவது முடிந்து, கதவு திறக்கிற சத்தம் வந்தது. அப்புறம் ஜெயசுதாவின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"திங்கக்கெழம எத்தினி மணிக்கி சார் வரணும்?"