சோளத்தட்டை உடம்பு

"உசரம் எம்புட்டு வைக்க மதினி?" என்று முற்றத்திலிருந்து கேட்டான் ராமசுப்பு. அவன் முழங்காலுக்கடியில் ஒரு கட்டுச் சோளத்தட்டை நெரிந்துகொண்டிருந்தது. கால் இரண்டும் கட்டியாயிற்று. இடுப்புக்கு மேல் அண்ணனின் அளவு அவனுக்குப் பிடிபடவில்லை.

குருவம்மாள் அறைக்குள் தானியக் குலுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயரத்தைச் சொல்லிவிட்டால் அந்தத் தட்டை அவள் புருஷன் ஆகிவிடும்.

மழை காணாத பரளச்சிக் கண்மாய்க் கரையில் பிறந்த அவள் புருஷன் அருஞ்சுனை, ரங்கோன் துறைமுகத்தில் காவல் படகுக்குக் கேப்டனாக இருந்தான். ஜப்பான் சண்டை தொடங்கிய சூட்டிலேயே படகோடு எரிந்துபோனான் என்று, கூட வேலை பார்த்த தூத்துக்குடிச் சவரிராயன் நேற்று வந்து சொன்னான். உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காத உடம்புக்குத் தட்டையில் உடம்பு செய்து எரிப்பது ஊர் வழக்கம். எரிக்காவிட்டால் ஆவி தண்ணீரில் அலையும். எரித்தபின் ஆள் உயிரோடு வந்து நின்றால்? அவன் இந்தப் படி ஏற முடியாது, எரித்துவிட்டால் ஊருக்கு அவன் செத்தவன்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"மாட்டுக்குக்கூடப் போடாம எடுத்த தட்டை அது. சொல்லித் தொலையேன்டி" என்றாள் சின்ன மாமியார் பெத்தம்மாள். "புருசன் உசரமுமா மறந்துபோச்சு?"

"கப்பலோட குடும்பம் நடத்துன மனுசன். இவளுக்கு எங்கிட்டுத் தெரியும்?" என்றாள் பக்கத்து வீட்டு ஜக்கம்மாள்.

குருவம்மாள் சவரிராயனைத்தான் பார்த்தாள். தூணோரம் நின்றிருந்தான்; ஒரு கை முழுக்கத் தீப்புண்.

"யண்ணே, கண்ணால பாத்தீகளா?"

நேற்றும் அதையேதான் கேட்டாள். அவன் மறுபடி சொன்னான்.

"கரையோரம் ஒரு கப்பல் தாயி. நெறைய நம்ம சனம், பிள்ளகுட்டியோட. எண்ணெய்ப் படகு ஒண்ணு தீப்பிடிச்சு அதுமேல மோத வருது. கேப்டன் அந்த எண்ணெய்ப் படகுல கயித்தக் கட்டி எங்க படகால இழுத்துட்டாக. நடு ஆத்துக்கு வந்ததும், 'எலே, குதிங்கலே, சுக்கானுக்கு ஒரு ஆளு போதும்'னாக."

"அவுகளுக்கு நீச்சல் தெரியாதே."

"அதச் சொல்லித்தான் நாங்க கேலி பேசுவோம். தோளப் பிடிச்சு இழுத்தேன். கைய எடுத்துவிட்டுட்டாக. சுக்கான் அறை வாசல் ரொம்பக் குட்டை. குனிஞ்சு உள்ள போனாக. நான் பாத்தது அம்புட்டுத்தான்."

"அப்ப, உசுரு போனதப் பாக்கல" என்றாள் குருவம்மாள்.



ராமசுப்பு குத்துமதிப்பாகக் கட்டி முடித்தான். அண்ணனுடைய வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் மாட்டினான். தொலைவிலிருந்த கிணற்றிலிருந்து, தலைக்குமேல் துணி பிடித்து, பங்காளிகள் உடம்பைக் குளிப்பாட்ட நீர்மாலை கொண்டுவந்தார்கள். ஊருக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாத மாசத்தில் குடங்குடமாகத் தட்டைமேல் ஊற்றினார்கள். நனைந்த தட்டையின் வாசம் எட்டியதும் தொழுவத்துப் பசு கத்தியது. யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

"இங்க வாடி, வந்து முகத்தப் பாரு" என்றாள் பெத்தம்மாள்.

அவள் போகவில்லை. இரண்டு பெண்கள் தோளைத் தூக்கியும் அசையவில்லை. இறுகப் பிடித்த தாலிக்கயிறு உள்ளங்கையில் பதிந்து வலித்தது.

சங்கு ஊதியது. பாடை தெருவில் கிடந்தது. ராமசுப்பு பொம்மையை நிமிர்த்தி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, அறையைத் தாண்டி வாசலுக்கு வந்தான். அவனைவிட அது உயரமாக இருந்தது. ஈரச் சட்டை பொம்மையின் முதுகோடு ஒட்டியிருந்தது. லீவில் வந்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அவள் கடைசியாகப் பார்க்கும் முதுகு.

அதன் தலை வாசல் நிலையை நெருங்கியது.

"பாத்து," என்றாள் குருவம்மாள். "குனிங்க."

ராமசுப்பு திரும்பாமல் நின்றான். சவரிராயன் வந்து, புண்பட்ட கையைப் பொம்மையின் பிடரியில் வைத்து மெல்ல அழுத்தினான். நனைந்திருந்ததால் தட்டை முறியவில்லை. குனிந்து வெளியே போனது.

வாசலில் சொட்டியிருந்த தண்ணீர் அவள் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது.