பூத்தலைவலி

"அக்கா, தலை இடிக்குது."

சலிஹாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. செப்புக் கொப்பரையின் அடியில் நெருப்பு சமமாகப் பிடிக்கிற நேரம் அது. அப்போது கண்ணை எடுத்தால் முதல் எண்ணெய் தீய்ந்த வாடையோடு இறங்கும். விறகை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"பூத்தலைவலிடி. வெளியே போய் உக்காரு."

"வெளியேதான் உக்காந்திருக்கேன்."

"இன்னும் தள்ளி உக்காரு. கடல்காத்து மூஞ்சில படணும்."

எச்சாத்தா எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பலாமரம் போன்ற ஈரப்பலா மரம் ஒன்று கொட்டகைக்கு அந்தப் பக்கம் நின்றது. அதன் வேரில் போய்ச் சாய்ந்தாள்.

அஞ்சுவான் தீவின் அந்த மலைச்சரிவில் தலைவலி என்று யாராவது சொன்னால் இன்னொருவர் ஏன் என்று கேட்பதில்லை. விடியலில் பறித்த இலாங்-இலாங் பூ மஞ்சள் மஞ்சளாகக் குவிந்து கிடக்கும். ஒரு பூவைக் கூந்தலில் செருகினால் சுகம். கல்யாணப் படுக்கையில் தூவினால் அதைவிடச் சுகம். கொட்டகை நிறையக் கொட்டி, எண்ணெய் வடிக்கத் தண்ணீரோடு கொப்பரையில் போட்டு, மூடி, அடியில் தீ மூட்டினால் அந்த வாசனையே மண்டையில் ஏறிச் சம்மட்டி அடிக்கும். குமட்டும், வாந்தி வரும். பூப்பறிக்கிற பெண், தீத்தள்ளுகிற ஆள், எண்ணெய் வாங்க வருகிற வியாபாரி, எல்லோருக்கும் வரும். புளித்தண்ணீர் குடித்து, ஓடைவரை நடந்துவிட்டுத் திரும்பினால் போய்விடும்.

பூக்கூடையை இறக்கி வைத்த ருக்கியா எச்சாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வாயை மூடினால் மூச்சு முட்டும் அவளுக்கு.

"என்னடி ராணி, ஊர்ல பாதிப் பேரு பொறந்ததே இந்தக் கொட்டகை வாசல்ல. உனக்கு மட்டும் பூ ஆகலையா? மாவோரே தீவுலேருந்து புருஷன் சென்ட்டு பாட்டில் அனுப்புறானா?"

"அவன் அனுப்புற லட்சணம்தான் தெரியுமே. வெறும் போன்தான்."

"போன்ல முத்தம் குடுத்தா வயித்துல இருக்கிற பிள்ளைக்கு வயிறு ரொம்புமா?"

எச்சாத்தா சிரிக்க முயன்றாள். பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

சலிஹாத்தாவுக்கு அப்போது ஒரு கணம் ஆண் செவிலியர் அத்துமானே சொன்னது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

ஊர்ச் சுகாதார நிலையத்தில் அவன் எச்சாத்தாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, முகம் சுளித்து, மறுபடி அடித்துப் பார்த்திருந்தான்.

"ரத்த அழுத்தம் ஏறியிருக்கு. மாத்திரை தர்றேன். தலைவலி வந்தாலோ, கண்ணு மங்கினாலோ, ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க. இங்க வாங்க, நான் டவுனுக்கு அனுப்புறேன்."

"டாக்டர் தம்பி, எங்க தெருவுல தலைவலி இல்லாதவ யாரு? அதுக்கெல்லாம் வர்றதுன்னா எல்லாரும் உன் வாசல்லயே பாய் போட்டுப் படுக்கணும்."

அவனும் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இவ மட்டும் வரட்டும்" என்றான்.

"அழுத்தத்துக்கு நம்ம எண்ணெய் நல்லதாமே? போன தடவ வந்த வியாபாரி சொன்னான். வெள்ளைக்காரங்க நெஞ்சு படபடன்னா இதைத்தான் மோந்து பாக்குறாங்களாம்."

"மோந்தா மனசு அடங்கும். படபடப்பு கொஞ்சம் குறையலாம். ஆனா இவளுக்கு வந்திருக்கிறது வேற, இது வயித்துல பிள்ளை இருக்கிறதால ஏறுற அழுத்தம். பூவுக்கு இது அடங்காது. வயித்துப் பிள்ளைக்காரிக்குத் தடவவும் வேணாம். வாயில விட்டுராதீங்க, அது விஷம்."

சலிஹாத்தா வாயில் விடவில்லை. அந்த அளவுக்கு அவளுக்குத் தெரியும். பச்சை எண்ணெய் பட்டால் தோல் சிவந்து கொப்புளிக்கும் என்பதும் தெரியும். அதனால் முதல் எண்ணெயில் சில சொட்டைத் தேங்காயெண்ணெயில் கலந்து, சாயங்காலம் சாயங்காலம் தங்கையின் நெற்றிப்பொட்டிலும் மணிக்கட்டிலும் நெஞ்சிலும் தடவினாள். கொப்பரையிலிருந்து முதலில் இறங்குகிற எண்ணெய்தான் உயர்ந்தது. உயர்ந்தது கெடுதல் செய்யுமா? எச்சாத்தா நன்றாகத் தூங்கினாள். நாடி நிதானமாக அடித்தது. மாத்திரை தீர்ந்தபோது இருவருமே அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மரத்தடியிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது.

"ருக்கியா, அவளுக்குப் புளித்தண்ணி குடு."

"குடுத்தேன். அதைத்தான் கக்கிட்டா."

சலிஹாத்தா எழுந்து போனாள். எச்சாத்தாவின் முகம் உப்பியிருந்தது. கைவிரல்கள் வேகவைத்த வாழைக்காய் போலத் தடித்திருந்தன.

"நேத்து நான்தான் கொஞ்சம் கூடுதலா தடவிட்டேன் போல. அதான் மண்டையில ஏறிருச்சு. இரு."

சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து தங்கையின் நெற்றியையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள்.

"வலி எறங்கிருச்சா?"

"இல்லக்கா. கண்ணு முன்னாடி மின்மினி பறக்குது."

"புகைடி அது. தீப்பக்கமே பாக்காத."

"அக்கா, டவுனுக்குப் போலாமா?"

இதைக் கேட்டதும் சலிஹாத்தாவுக்குக் கோபம் வந்தது. கொப்பரை நிறையப் பூ. தீ போட்டாயிற்று. நடுவில் அணைத்தால் பூ புளித்துப்போகும். எத்தனை பெண்கள் இருட்டோடு எழுந்து பறித்தது.

"டவுனுக்குப் போனா கத்திய எடுப்பாங்கன்னு அழுதது யாரு? இந்தக் கொப்பரை இறங்கட்டும். சாயங்காலம் பாக்கார் வண்டி டவுனுக்குப் போகும்ல, அதுல ஏறிக்கலாம். அதுக்குள்ள தலைவலியே போயிரும், பாரு."

"சரிக்கா."

எதிர்த்துப் பேசாமல் அவள் சரி என்றதுதான் பின்னால் சலிஹாத்தாவை அரித்தது. எச்சாத்தா எதற்கும் லேசில் சரி சொல்கிறவள் இல்லை.

உச்சி வெயில் சரிந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொண்டுவந்தாள் ருக்கியா. எச்சாத்தா அதைத் தொடவில்லை. ருக்கியா பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டாள்.

"இன்னுமா வலிக்குது? ஓடைக்குப் போயிட்டு வர்ற நேரத்துல போயிருமே. எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து. எந்திரிக்கும்போதே."

"கொட்டகைக்கு வந்தப்பவா?"

"நேத்து நான் கொட்டகைக்கு வரவே இல்லையே. வீட்டுலதான் படுத்திருந்தேன். முழிச்சப்பவே வலி."

சலிஹாத்தாவின் கையில் இருந்த விறகு அப்படியே நின்றது.

பூத்தலைவலி தூங்கி எழுந்தால் இருக்காது. தூங்கினால் போகிற வலி அது. ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பூவுக்குப் பக்கத்தில் வராமல், விடியலில், படுக்கையிலேயே பூத்தலைவலி யாருக்கும் வந்ததில்லை.

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னேனேக்கா. தலை இடிக்குதுன்னு சொன்னேனே."

விறகைக் கீழே போட்டாள் சலிஹாத்தா.

"ருக்கியா, ஓடு. பாக்காரைக் கூப்பிடு. இப்பவே."

"கொப்பரை?"

"கருகட்டும்!"

பாக்காரின் வண்டியில் பின்சீட்டில் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் ஏற நின்றவர்களைப் பார்த்துப் பாக்கார் நிறுத்தாமல் போனான். எப்போதும் அவன் அப்படிப் போனதில்லை. வளைவில் திரும்பும்போது கடல் தெரிந்தது.

"அக்கா, இருட்டாயிருச்சா?"

நல்ல வெயில்.

"ஆமாடி. மேகம் மூடியிருக்கு. கண்ணை மூடிக்க."

அடுத்த வளைவில் எச்சாத்தாவின் உடம்பு விறைத்தது. தாடை இறுகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தன. முன்சீட்டில் இருந்த ருக்கியா கலிமா சொல்லத் தொடங்கி, பாதியில் வாய் குழறி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

சுகாதார நிலையத்தில் அத்துமானே ஓடிவந்து வண்டிக் கதவைத் திறந்தான். ஊசி போட்டான். உள்ளே ஏறி உட்கார்ந்து எச்சாத்தாவைப் பக்கவாட்டில் திருப்பினான். அப்போது அவன் மூக்கு லேசாக விரிந்ததைச் சலிஹாத்தா பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத வாசனை. அவன் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை.

"வண்டிய எடுங்க" என்றான் பாக்காரிடம். அவ்வளவுதான்.

டவுன் மருத்துவமனையில் எச்சாத்தாவை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே ருக்கியா தரையில் உட்கார்ந்திருந்தாள். நேரம் கழித்து வந்த டாக்டரம்மா டவுன்காரி. குழந்தை உள்ளேயே இறந்துவிட்டது என்றாள். பெண் குழந்தை. தாயின் அழுத்தம் மூளைவரை போய்விட்டது, இரண்டாம் தடவை வலிப்பு வந்தபோது மூச்சு நின்றது, திரும்பவில்லை என்றாள்.

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"முன்னாடி தலைவலி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்பலேருந்து?"

"நேத்து காலைலேருந்து."

"கண்ணு மங்கலா?"

"மின்மினி பறக்குதுன்னா."

"அப்பவே கூட்டி வந்திருக்கலாமேம்மா."

"பூன்னு நினைச்சோம்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"என்ன பூ?"

சலிஹாத்தா தங்கையைத் துடைத்த முந்தானையை அவள் முன்னால் நீட்டினாள். பிறகு அதாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே எச்சாத்தாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்கென்று அப்பா கட்டத் தொடங்கி மாடி முடியாமல் நின்ற வீடு. மேலே கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. உடலைக் குளிப்பாட்ட வந்த மூதாட்டி கையில் தண்ணீரை எடுத்து நெற்றியில் விட்டாள். குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"தண்ணியில கற்பூரம் இன்னும் கலக்கலையே. அதுக்குள்ள யாரும்மா இவளுக்கு வாசனை பூசினது?"

சலிஹாத்தா அடுத்த குடத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நல்ல எண்ணெய்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மூதாட்டி தண்ணீரை ஊற்றினாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகு போன் அடித்தது. மாவோரேயிலிருந்து எச்சாத்தாவின் புருஷன் ஹலிதி. வெள்ளைக்காரர் ஆளுகிற அந்தத் தீவுக்குக் காகிதம் இல்லாமல் படகேறிப் போனவன், திரும்பி வந்தால் மறுபடி போகமுடியாது. இனி வந்தும் பார்க்க எதுவும் இல்லை. வெகுநேரம் அவன் அழுதது மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டான்.

"வலிக்குதுன்னு அவ சொல்லவே இல்லையா மதினி?"

"சொன்னா."

"அப்புறம்?"

"பூத்தலைவலின்னேன்."

ஹலிதி இந்த ஊர்க் கொப்பரையில் தீத்தள்ளி வளர்ந்தவன்.

"என்கிட்டயும் சொன்னா" என்றான். "நேத்து காலைல, போன்ல. தலை இடிக்குதுங்கன்னு. நான் சிரிச்சேன் மதினி. கொட்டகைப் பக்கம் போகாதடின்னு சொன்னேன். நான் போகவே இல்லையேன்னா. அப்பக்கூட எனக்கு உறைக்கலை. காத்துல வந்திருக்கும்னு சொல்லிட்டு வச்சிட்டேன்."

அவன் அழட்டும் என்று சலிஹாத்தா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். வாசலில், பூப்பறிக்கிற பெண்களில் ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுததால் வந்த வலியா, காலையில் பூவோடு நின்றதால் வந்ததா, வேறு ஏதாவதா?

"என்னடி?" என்று கேட்டாள் ருக்கியா.

"தலை வலிக்குது."

ருக்கியா வாயைத் திறந்தாள். சலிஹாத்தாவைப் பார்த்தாள். வழக்கமாக வருகிற அந்தச் சொல் வரவில்லை. அந்தப் பெண் பதிலுக்காக இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே சரிவில், கருகிய கொப்பரையிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.