கரண்ட் போகாத வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டு டி.வி.யில் படமே வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அப்புறம் நடந்தது ஒன்றும் விளங்காது. எண்பத்தாறாம் வருடம் திருப்பத்தூரில் வாங்கினோம், கறுப்பு வெள்ளை. கடையில் போட்டுக் காட்டியபோது ஒரு பெண் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பேசினாள். அவளை நம்பித்தான் வாங்கினோம். எங்கள் ஊர் காவலூருக்குக் கொண்டுவந்து வைத்தால் அவளைக் காணோம். திரை முழுக்கச் சாமை அரிசியைக் கொட்டியது போலப் புள்ளி, கூடவே ஓயாத இரைச்சல்.

என் வீட்டுக்காரர் தங்கவேலுக்குப் புளி வியாபாரம். மலை ஊர்களில் புளி வாங்கி, எங்கள் வீட்டில் வைத்துக் கொட்டை எடுத்து, வேலூருக்கு அனுப்புவார். வியாபாரத்தில் எவனையும் மடக்கிவிடுகிற மனிதர், அந்த டி.வி. கடைக்காரரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"ஆன்டெனாவ ஒசத்துங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"ஒசத்தியாச்சிங்க. இன்னும் ஒசத்துனா காக்கா கூட வந்து ஒக்காராது."

"அப்ப மலை மறைக்கிது. அதுக்கு நாங்க இன்னா பண்றது?"

"கியாரண்டின்னு கார்டு குடுத்தீங்களே?"

"கியாரண்டி டி.வி.க்கும்மா. மலைக்கு இல்ல."

வெளியே வந்ததும் இவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருளை விற்கிறவனுக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கிறது, வாங்குகிறவனுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதுதான் இருக்கிறது. அன்றைக்கும் அப்படித்தான் பஸ் ஏறினோம்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்த என் தம்பி லட்சுமணன் லீவில் வந்தபோது இந்தக் கதையைக் கேட்டான். அடுத்த வருடம் வரும்போது ஒரு டி.வி. கேம் பெட்டி கொண்டுவந்தான். ஆன்டெனா சொருகுகிற இடத்தில் அதன் ஒயரைச் சொருகினால் போதும், மலை குறுக்கே வராது. அந்த டி.வி.யில் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது அந்த விளையாட்டுத்தான்.

இரண்டு விளையாட்டு இருந்தது. ஒன்று கார் ஓட்டுவது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நாம் எவ்வளவு வேகமாகப் போனாலும் மற்ற கார்கள் நமக்கு முன்னால் திடீரென்று முளைக்கும், அது ஏமாற்று வேலை. இன்னொன்று நேர்மையான விளையாட்டு. மேலே இருந்து கல் விழும், கீழே ஒரு சின்ன வண்டி, அதைக் கைப்பிடியால் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டு கல்லைச் சுட வேண்டும். நேரம் ஆக ஆகக் கல் வேகமாக விழும், அவ்வளவுதான். தோற்றால் நம் தப்பு. இப்போது வருகிற விளையாட்டுகளில் செத்தவனைச் செத்த இடத்திலேயே எழுப்பி விடுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது? அந்தப் பெட்டியில் நிறுத்தி வைக்கவும் வழி இல்லை, எடுத்த எண்ணைச் சேர்த்து வைக்கவும் வழி இல்லை. அணைத்தால் போயிற்று.

நான் நன்றாக ஆடினேன். இதில் அடக்கம் காட்ட என்ன இருக்கிறது? பத்து வருடமாகப் புளி தட்டிய கை. பழத்தைக் கல்லில் வைத்துச் சின்ன இரும்பால் ஒரு தட்டு, கொட்டை தெறித்து வெளியே வர வேண்டும், சதை நசுங்கக் கூடாது. நாள் முழுக்கத் தட்டினாலும் மணிக்கட்டு சோர்ந்து போகாது. தம்பி ஆறாயிரத்தில் விழுந்தான், என் வீட்டுக்காரர் தொள்ளாயிரத்தைத் தாண்டியதில்லை. நான் இருபதாயிரத்துக்குப் போனேன்.

தம்பி திரும்பிப் போனபிறகு ஒரு கடிதம் எழுதினான். முப்பதாயிரம் எடுத்து, அந்த எண் தெரிகிற மாதிரி டி.வி. திரையைப் போட்டோ பிடித்து அனுப்பினால், கேம் கம்பெனி துணியில் தைத்த ஒரு பேட்ஜ் அனுப்புமாம். கூடவே பேர் அச்சடித்த ஒரு சீட்டும் வருமாம். ஏப்ரல் கடைசிக்குள் போட்டோ தன் கைக்கு வந்தால் தானே கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக எழுதியிருந்தான்.

அந்தச் சீட்டுத்தான் எனக்கு வேண்டியிருந்தது. ரேஷன் கார்டில் என் பேர் இரண்டாவது. டி.வி. பில்லில் இல்லவே இல்லை. கடைக்காரருக்கு நான் எழுதிய கடிதத்துக்குக்கூட 'திரு. தங்கவேல் அவர்களுக்கு' என்றுதான் பதில் வந்தது. சம்பூர்ணம் என்று போட்டு, நான் செய்த ஒரு காரியத்துக்காக, எங்கிருந்தோ ஒரு தபால் வர வேண்டும். ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை. புளி வேலை மும்முரமாக நடந்தது. புதூர்நாட்டுப் பக்கத்து மலை ஊரிலிருந்து வந்து எங்களுக்குப் புளி தட்டும் பாஞ்சாலை, தட்டுவதை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் எண் தெரியும், அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"யக்கா, முன்னால நின்ன ரெண்டு போயிட்டு மூணு வந்து நிக்கிது!"

"பேசாத இரு."

"நான் பேசல. நீ சுடு."

மூன்று வந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்தேன். அந்த நேரத்தில் என் கைப்பிடிக்குள் டக்கென்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் போக மறுத்தது. அடுத்த கல் நேராகத் தலையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. திரையில் எண் மட்டும் நின்றது: 31450.

கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தார் இவர். உள்ளே பிளாஸ்டிக் இரண்டாக உடைந்திருந்தது. "இந்த ஊர்ல இதுக்கு ஸ்பேர் ஏது?" என்றார். ஆக, அந்த எண் இனி வராது. இருக்கிற எண்ணைப் படம் பிடித்தால்தான் உண்டு. மணி பத்தேகால்.

"ஆலங்காயத்துக்குப் போயி போட்டாக்காரன இட்டுகினு வந்துடறேன். நீ இத்த தொடாத" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். பத்தரை பஸ் அவருக்குக் கிடைத்தது.

நானும் பாஞ்சாலையும் ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். காவலூரில் கரண்ட் போகாத நாள் கிடையாது. முள் லேசாக ஆடினாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன். கொஞ்ச நேரத்தில் கேம் பெட்டி இன்னொரு வேலை செய்தது. எண்ணின் வெளிச்சம் தானாகவே மங்கி, சாம்பலாகி, மறுபடி வெளுத்தது.

"யக்கா, அது மூச்சு வாங்குது" என்றாள் பாஞ்சாலை.

அப்போதுதான் எனக்கு மாவு மில் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ராஜாக்கண்ணு மில் வைத்திருந்தார். பதினொரு மணிக்கு மலை ஊர்க்காரர்கள் கேழ்வரகும் சாமையும் எடுத்து வருவார்கள், அவர் மோட்டாரைப் போடுவார். போட்ட நிமிஷம் கரண்ட் ஒரு தரம் அமுங்கி எழும். டி.வி. தாங்கும், கேம் பெட்டி தாங்காது, எண் அழிந்து முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். பாஞ்சாலையைக் காவல் வைத்துவிட்டு ஓடினேன்.

ராஜாக்கண்ணு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா தங்கச்சி, டி.வி.ல நம்பரு நிக்கிதுன்னு நான் மில்ல நிறுத்தணுமா?"

"போட்டாக்காரரு வர்ற வரிக்கும்தான்ணா."

"எப்ப வருவாரு?"

"தெரில."

அவர் என்னைப் பார்த்தார், வரிசையில் நின்ற ஜனங்களைப் பார்த்தார். மூட்டையோடு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். சிலர் விடியலில் நடக்க ஆரம்பித்தவர்கள். "மேல பெரிய டெலஸ்கோப்பு வச்சி நட்சத்திரத்தையே போட்டா புடிக்கிறாங்களே, அவுங்கள கூப்புட வேண்டிதானே" என்றார். "அந்தக் கேமராவ எங்க வூட்டுக்கு எட்த்தாந்தா வூடே இருக்காதுண்ணா" என்றேன். சிரித்துவிட்டார். பெல்ட்டைக் கழற்றினார்.

"டேய், யாரும் சுச்ச தொடாதீங்க! நம்ம தங்கச்சி பேரு சீமைக்குப் போவுது!"

அதற்குப் பிறகு எங்கள் வீடு திருவிழாவாகிவிட்டது. மூட்டையை மில்லில் போட்டுவிட்டு அத்தனை பேரும் வந்து அந்த எண்ணைப் பார்த்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு கிழவர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். பாஞ்சாலை டி.வி.யின் மரச்சட்டத்தில் மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. கரண்ட் போகவில்லை. தூரத்து ஊர்க்காரர்கள் சிலர் வெயில் இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று, அரைக்காத மூட்டையையே மறுபடி தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நம்பரு பத்தரம்மா" என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு இவர் வந்தார். கூடவே போட்டோக்காரர் பாண்டுரங்கன், ஒரு காதுகுத்து வீட்டுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தோளில் பெட்டியோடு வந்தார். டி.வி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யார புடிக்கணும்?"

"யாரையும் இல்லீங்க. அந்த நம்பர."

"ஆளு இல்லாம போட்டாவா? செத்தவுங்க வூட்லகூட ஆள வச்சிதாம்மா புடிப்பேன். நீங்க பக்கத்துல ஒக்காருங்க. சாரு பின்னால நிக்கட்டும். நம்பரும் வரும், நீங்களும் வருவீங்க."

உட்கார்ந்தேன். புளிக்கறை படிந்த சேலை. பாஞ்சாலை ஓடிவந்து என் முந்தானையை இழுத்து விட்டாள். அவர் கேமராவின் தலையில் பெரிய வெள்ளித்தட்டு மாதிரி ஒரு விளக்கைப் பொருத்தினார்.

"அது வேணுமாங்க?" என்று கேட்டேன். எனக்கு எப்படித் தோன்றியதென்று தெரியாது. வெயில் நேரத்தில் கதவு திறந்திருந்தால் திரையில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் நான் எப்போதும் சாத்திவிட்டு ஆடுவேன். அந்த நினைப்பாக இருக்கும். "வெளிச்சம் பட்டா நம்பரு மங்கிடாதா?"

"ஏம்மா, இருட்டு ரூம்புல விளக்கு இல்லாம போட்டா எப்டி விழும்? முப்பது வருசமா இதத்தான் பண்றேன். நீங்க கண்ண மூடாம இருங்க, அது போதும்."

இவரைப் பார்த்தேன். "அவருக்குத் தெரியாததா?" என்றார் இவர்.

அறைந்தது போல ஒரு வெளிச்சம். மறுபடி ஒன்று. "முடிஞ்சிச்சி" என்றார் பாண்டுரங்கன்.

"விளக்கு இல்லாம ஒண்ணு எடுங்களேன்."

"பிலிம வீணாக்கக் கூடாதும்மா."

வாசலில் நின்றிருந்த யாரோ மில் பக்கம் பார்த்து, "போட்டா எட்த்துட்டாங்கோ!" என்று கத்தினார்கள். "இரு, இரு" என்று நான் எழுந்திருப்பதற்குள் மோட்டார் சத்தம் கேட்டது. திரை ஒரு தரம் சுருங்கி விரிந்தது. 0. வண்டி கீழே தயாராக நின்றது, இடது பக்கம் போகாத வண்டி.

படம் உடனே வரவில்லை. ரோலில் பன்னிரண்டு படம், மீதி முடிந்தால்தான் கழுவ முடியும் என்றார் பாண்டுரங்கன். மூன்று வாரம் கழித்து நானே ஆலங்காயம் போனேன். உறையிலிருந்து இரண்டு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பாருங்க, ரெண்டு பேரு கண்ணும் தொறந்து கீது! புருசன் பொஞ்சாதி எம்மாம் லட்சணமா!"

நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் விறைப்பாக நின்றார். சட்டத்தில் வைத்த குங்குமம்கூடத் தெரிந்தது. நடுவில் டி.வி. திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

"நம்பரு எங்கீங்க?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கண்ணாடிம்மா அது. விளக்கு வெளிச்சத்த எதிர் அடிச்சிருக்குது. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? இன்னொரு தபா அந்த நம்பர வர வச்சிட்டுச் சொல்லியனுப்புங்க, ஓசியிலயே எட்த்துத் தர்றேன்."

கைப்பிடி உடைந்த கதையை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? நெகட்டிவை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அதில் திரை கட்டைக்கரியாக இருந்தது.

வீட்டில் இவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் கஷ்டமாக இருந்தது. "பேனாவால அந்த எடத்துல எழுதிட்டா இன்னா? பொய்யா எழுதப் போற? ஊரே பாத்துது" என்றார். பேனாவை எடுத்தேன். மூன்று என்று எழுத முனையை வைத்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாமே அப்படி, தொள்ளாயிரத்தைத் தாண்டாதவர்கூட எழுதலாமே என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன். ஏப்ரல் முடிந்தது.

நடந்ததைத் தம்பிக்கு எழுதிவிட்டேன். ஊருக்குத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மில்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ராஜாக்கண்ணு, "இன்னா தங்கச்சி, சீமைத் தபாலு வந்துச்சா?" என்பார். கிண்டலாகக் கேட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.

புளி வேலை முடிகிற வாரம். கூலி வாங்க வந்த பாஞ்சாலை உட்காராமல் நின்றாள்.

"யக்கா, அந்தத் துணி பேட்ஜி வந்தா எங்க ஊருக்கு ஒரு நாளு எட்த்துகினு வரணும். எல்லாரும் கேக்குறாங்க. அன்னிக்கி மாவு இல்லாம திரும்பிப் போனாங்களே, அவுங்கதான் ஜாஸ்தி கேக்குறாங்க."

"சரி."

"கப்பல்லயா வர்து?"

"ம்."

"எத்தினி நாளு ஆவும்?"

"ஆவும்" என்றேன். "கொஞ்ச நாளு ஆவும்."