ஜாக்கும் ஒன்பதும்

போக்கரில் அக்னெஸ் கற்றுக்கொண்ட முதல் பாடம் காட்ஸ் என்கிற சீட்டுகளைப் பற்றியதல்ல, கதிரையைப் பற்றியது. எந்த மேசையில் போய் உட்காருகிறோம் என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. தன்னைவிட மோசமாக விளையாடுகிறவர்கள் இருக்கிற மேசையாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு எழும்ப வேண்டியதுதான். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டரியில் குழந்தைகளைப் பார்க்கிறவள் அவள். விடியவே வேலைக்குப் போய்ப் பின்னேரம் மொன்ட்ரியால்-நோர் வீட்டுக்கு வந்துவிடுவாள். புருஷன் தேவதாசன் தையல் ஆலையில் துணி வெட்டிவிட்டு வரும்வரை வீடு அவளுடைய ராச்சியம். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து, அடிபட்டு உதைபட்டுக் கற்றுக்கொண்டது அது.

இணையத்தில் அவளுடைய பெயர் கஸ்தோன். கீழ்வீட்டில் இருக்கிற கெபெக்காரக் கிழவரின் பெயர். பதியும்போது ஏதாவது ஒரு பெயரைக் கொடு என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி படிக்கட்டில் நின்று அவரைக் கூப்பிட்டாள், அக்னெஸ் அதையே எழுதிவிட்டாள். அதன்பிறகு முகம் தெரியாத ஆட்களெல்லாம் அவளை ஒரு வயசான வெள்ளைக்காரன் என்று நினைத்துத்தான் மோதினார்கள். தோற்றுப் போகிறவர்கள், கிழவா, மருந்தைக் குடித்துவிட்டுப் போய்ப் படு என்று பிரெஞ்சில் எழுதுவார்கள். அக்னெஸுக்கு அது தேன். பெண்பிள்ளை, பாவம், தெரிந்தவரின் மனைவி என்று எந்தச் சலுகையும் இல்லாமல் அவளோடு ஆட்கள் மல்லுக்கட்டியது அங்கேதான்.

எல்லா வகை ஆட்டத்தையும் தொட்டுப் பார்த்தாள். நூற்றுக்கணக்கான பேர் சேருகிற பெரிய போட்டி அவளுக்குத் தோதுப்படவில்லை. அது முடிவதற்குள் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிடும். ஆறு பேர் இருக்கிற மேசையில் பொடியன்கள் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டினார்கள், யோசிக்க விடமாட்டார்கள். ஒரே நேரத்தில் நாலு மேசையில் விளையாடுகிற சூரர்களும் இருந்தார்கள். கார்டரியில் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறேன் என்று அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் ஒன்பது பேர் சுற்றியிருக்கும் சின்னப் பந்தய மேசை ஒன்று அவளுக்குப் பொருந்தியது. கையில் ஆளுக்கு இரண்டு காட், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து காட். அதை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பந்தயம் கட்டலாம், சரிவராவிட்டால் பொறுமையாகக் கையை எறிந்துவிட்டு விலகலாம்.

ஆனால் ஒரு குறை இருந்தது, அது வரவர வளர்ந்தது. தான் வென்ற ஒருவனுடைய முகத்தைக்கூட அவள் கண்டதில்லை. அவளை ஒருவரும் கண்டதில்லை. வென்றதும் தோற்றதும் கஸ்தோன்தான், அக்னெஸ் அடுப்படியில் இருந்தாள். வெறும் கையை வைத்துக்கொண்டு ஒரு மேசையையே எறியவைத்த நாளில், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் வெங்காயம் உரித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயத்தால்தான் என்று தேவதாசன் நினைத்துக்கொண்டான்.

ஆட்களோடு நேரில் இருந்து விளையாடுவதென்றால் அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஒரு போக்கர் கூடம். ஒரு சனிக்கிழமை தேவதாசன் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். கறுப்புக் கண்ணாடி போட்ட பையன்கள், ஒருவரோடொருவர் கதைப்பதில்லை, காதில் பாட்டு. கம்ப்யூட்டருக்குள் இருந்தவர்களையே பிடித்துக் கதிரைகளில் உட்காரவைத்தது போல இருந்தது. இதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று திரும்பிவிட்டாள்.

மற்றது பங்குக் கோயிலின் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிய ஆண்கள் கீழே இறங்கிக் காட்ஸ் போடுவது வழக்கம். வருடக்கணக்காக அங்கே நடந்தது முன்னூற்று நாலு ஆட்டம், நாலு பேர், எதிரும் புதிருமாகச் சோடி. பிறகு ஒரு பனிக்காலம் முழுக்க ஹொக்கி நடக்காமல் போனது. ஆட்டம் இல்லாத தொலைக்காட்சிக்காரர்கள் எந்த நேரமும் போக்கரைப் போட, நம்முடைய ஆட்களுக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்தது. இரண்டாயிரத்து ஆறில் அங்கே முன்னூற்று நாலு விளையாட ஆளில்லை. கோயில் மண்டபத்தில் காசு வைக்கக்கூடாது என்று பாதர் சொல்லியிருந்ததால் காய்ந்த கொண்டைக்கடலை வைத்தார்கள். பெண்கள் அடுத்த அறையில் தேத்தண்ணீர் ஊற்றினார்கள், அக்னெஸும் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்குவாள்.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. முன்னூற்று நாலில் ஜாக்தான் பெரிய காட், அதற்கடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் அங்கே எடுபிடிகள். போக்கரில் அப்படி இல்லை, அங்கே ஜாக் நடுத்தரம், ஒன்பது அதற்கும் கீழே. நம்முடைய ஆண்களின் தலைக்கு இது விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் போதும், முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதில் படுமோசம் தேவதாசன்தான். ஜாக்கும் ஒன்பதும் வந்த கையை அவன் எறிந்ததை அந்த மண்டபத்தில் கண்டவர் இல்லை, அதற்காக அவனை எல்லோரும் பழித்துச் சிரிப்பார்கள். போதாததற்கு அவனுக்குப் பொய் சொல்லவும் வராது. ஒரு கோப்பையை உடைத்துவிட்டு வந்து நின்றால் வாய் திறக்கும் முன்பே இரண்டு காதும் சிவந்து சங்கதியைச் சொல்லிவிடும்.

நானும் விளையாடப்போகிறேன் என்று அக்னெஸ் சொன்னபோது தேவதாசன் மறுக்கவில்லை, போய்க் கேட்டுப் பார்த்தான். மேசையை நடத்துகிற அல்பேட் எழுந்து தன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"தங்கச்சி, நீர் வந்து இரும். இஞ்சை ஆர் வேண்டாமெண்டது?"

அவள் உட்கார்ந்தாள். அந்த ஞாயிறு அவள் வென்றாள். அடுத்த ஞாயிறும் வென்றாள். கடலை அவள் பக்கம் குவிந்தது. அவள் கட்டினால் எறிந்தார்கள், கூட்டிக் கட்டினால் தலையை ஆட்டிக்கொண்டு எறிந்தார்கள், எங்கே பழகினீர் தங்கச்சி என்று வியந்தார்கள். இத்தனை காலமும் கஸ்தோனுக்குள் ஒளிந்திருந்தவள் வெளியே வந்துவிட்டாள் என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொரு கையையும் தேவதாசனுக்கு விளக்கிச் சொன்னாள். அவன் ஓம் ஓம் என்றுகொண்டு நடந்தான். காது இலேசாகச் சிவந்திருந்தது. பனிக்காற்று என்று அவள் நினைத்தாள்.

மூன்றாவது ஞாயிறுதான் குட்டு வெளிப்பட்டது. கடைசியில் அவளும் தேவதாசனும் மட்டும் எதிரெதிரே நின்றார்கள். நடுவில் ஜாக், ஒன்பது, நாலு, இரண்டு, ஆறு. அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தொடக்கத்திலிருந்தே இருக்கிற மாதிரிக் கட்டி வந்தவள், கடைசியில் கடலை முழுவதையும் நடுவே தள்ளினாள். தேவதாசன் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டுக் கையைக் கவிழ்த்து எறிந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து எல்லோருக்கும் காட்ஸ் போடுவது அவளுடைய முறை. காட்ஸைக் கூட்டி அள்ளியபோது அவன் எறிந்ததில் ஒன்று புரண்டு விழுந்தது. ஜாக். எறிந்த கையைப் பார்ப்பது முறையில்லை என்று தெரிந்தும் மற்றதையும் நிமிர்த்திப் பார்த்தாள். ஒன்பது.

நடுவில் இருந்ததோடு சேர்த்தால் இரண்டு ஜாக், இரண்டு ஒன்பது. அதை எவனும் எறியமாட்டான். தேவதாசன் ஒன்றுக்கும் உதவாத இடத்திலேயே அதை எறியாதவன்.

அவள் காட்ஸைக் குலைத்து எல்லோருக்கும் போட்டாள். அந்த ஆட்டம் முடியும்வரை மேசையைச் சுற்றியிருந்த ஒவ்வொரு அன்பான முகத்தையும் பார்த்தாள். அவமானமாக இருந்தது. கார்டரியில் மூன்று வயதுப் பிள்ளையோடு ஓடிப்பிடித்து விளையாடும்போது அவளும் இப்படித்தான் வேண்டுமென்றே பின்னுக்கு நிற்பாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"ஜாக்கும் ஒன்பதும் வைச்சிருந்தனீங்கள். ஏன் எறிஞ்சனீங்கள்?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "நீ சந்தோசமா இருந்தனி. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

"மற்றாக்கள்?"

முதல் நாளே எல்லோரிடமும் தான்தான் சொல்லிவைத்ததாக அவன் ஒத்துக்கொண்டான். முதன்முதல் வருகிறாள், விட்டுக்கொடுத்து விளையாடுங்கள் என்று. அவர்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது, தேவதாசனின் மனைவியைத் தோற்கடித்துவிட்டுப் பிறகு அவள் கையால் எப்படித் தேத்தண்ணீர் வாங்கிக் குடிப்பது?

"கம்ப்யூட்டரிலை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது," என்றாள் அக்னெஸ். "எண்டாலும் என்னோடை விளையாடுகினம். இஞ்சை எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஆனா நான் தனியத்தான் விளையாடியிருக்கிறன். வாற ஞாயிறும் இப்பிடித்தானெண்டால் பேந்து நான் அந்த மேசைக்கு வரமாட்டன். கஸ்தோனாவே இருந்திட்டுப் போறன்."

பஸ் வந்தது. அவன் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தான்.

அந்தக் கிழமை ஒருநாள் தேவதாசன் வேலையிலிருந்து நேரத்தோடு வந்து, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவளுக்குப் பின்புறமாக உட்கார்ந்தான். இதுவரை அவன் அப்படி உட்கார்ந்ததில்லை. யாரோ ஒருவன் அவளைத் திட்டி எழுதியதை வாசித்ததும் தேவதாசனுக்குக் கோபம் வந்தது. அவள் சிரித்துக்கொண்டு திட்டியவனை வென்றாள். பிறகு அவளுக்கு ஒரு ஜாக்கும் ஒன்பதும் வந்தன. மூச்சு விடுகிற நேரத்தில் அவள் எறிந்துவிட, பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது.

கையில் ஒன்றுமில்லாமல் எப்படி அவர்களை நம்பவைக்கிறாய் என்று கேட்டான். அவள் திரும்பாமலே சொன்னாள், பொய்யை முதல் காட் விழும்போதே தொடங்க வேண்டும் என்று. நடுவில் தொடங்கிய பொய்யை எவரும் நம்பமாட்டார்கள். உண்மையிலேயே நல்ல கை இருந்தால் என்னென்ன செய்வாயோ அத்தனையையும் ஒன்று விடாமல் செய்துகொண்டு போக வேண்டும். அவன் காது நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என்னை விடாது என்றான். அது உண்மைதான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. மண்டபத்தில் ஹீற்றர் சரியில்லை என்று சொல்லித் தேவதாசன் கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே மேசையில் உட்கார்ந்தான். பங்குனியிலும் குளிர் விடாத ஊர், ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அக்னெஸும் கவனிக்கவில்லை. அவள் வேறு விசாரத்தில் இருந்தாள். இன்றைக்கும் தலையை ஆட்டிக்கொண்டு எறிவார்களானால் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். அரைமணி நேரமாக அதுதான் நடந்தது. அவள் கட்டினாள், அவர்கள் எறிந்தார்கள். அல்பேட் ஆசையாகப் பார்த்துவிட்டு ஒரு நல்ல கையை எறிந்ததை இப்போது அவளால் வெளிச்சமாகப் பார்க்க முடிந்தது. கதிரையின் முதுகில் கிடந்த கோட்டின்மேல் ஒரு தடவை கை வைத்தும் பார்த்தாள்.

அப்போது அவளுக்கு இரண்டு ராணி வந்தது. அவள் கட்டினாள். தேவதாசன் கூட்டிக் கட்டினான். மேசையில் ஒரு சின்னச் சலசலப்பு. நடுவில் பத்து, ஏழு, இரண்டு விழுந்தன, அவன் மறுபடி கட்டினான். நாலாவதாக ஒரு ராஜா விழுந்தது. அவன் கொஞ்சமும் தயங்காமல் முன்னையதைவிடக் கூடக் கட்டினான். கடைசிக் காட் ஒரு நாலு. அவன் தன் முன்னால் இருந்த கடலை முழுவதையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினான்.

அக்னெஸ் அவனை உற்றுப் பார்த்தாள். பிரியமாய்ப் பார்க்கிற முகம் அல்ல அது, விட்டுக்கொடுக்கிற முகமும் அல்ல. அவன் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் காட் விழுந்ததிலிருந்தே ஏற்றிக்கொண்டு வருகிறான், ராஜா விழுந்ததும் இன்னும் ஏற்றினான். கையிலும் ஒரு ராஜா இருக்கிறது, ராணிச் சோடி அதற்குக் கீழே. இவனாவது, பொய்யாவது! நல்லதொரு கையை மனம் நோக எறிவது எப்படியிருக்கும் என்பதை மறந்தே போயிருந்தாள். இரண்டு ராணிகளையும் கவிழ்த்து எறிந்தாள்.

தேவதாசன் தன் கையைத் திருப்பிக் காட்டினான். ஒரு மூன்று, ஒரு எட்டு. நடுவில் இருந்த எதோடும் ஒட்டாத, ஒரு காசுக்கும் பெறாத இரண்டு காட்.

அவன் மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். இரண்டு காதும் பழுத்த கொச்சிக்காய் நிறத்தில் இருந்தன.

கட்டிய மனிசியிடம் இப்படியா நடப்பது என்று கேட்கிற மாதிரி அல்பேட் அவனை முறைத்தார், பிறகு பயந்துகொண்டு அவளைப் பார்த்தார். அக்னெஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதன் அவளிடம் ஒரு பொய்யை முழுதாகச் சொல்லி முடித்தது இன்றைக்குத்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, மிச்சமிருந்த கொஞ்சக் கடலையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"போடுங்கோ," என்றாள்.

காட்ஸ் விழுந்தது. அவள் கட்டினாள். இரண்டு பேர் பழக்கதோஷத்தில் எறிந்தார்கள். அல்பேட்டும் எறியப்போனவர், தேவதாசனின் காதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். பிறகு கடலையில் ஒரு பிடி அள்ளி நடுவில் போட்டார்.

"தங்கச்சி," என்றார், "இதுக்கு என்ன செய்யப்போறீர்?"

அக்னெஸ் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டுக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.