கைமாறிப் போன காய்ப்பு

முதலாளிமார் கட்சி என்று ஊரே சொல்லிவந்த கட்சியின் தலைவர், இரும்பு வார்ப்பாலையின் வாசலில் நின்று காலை ஷிப்டுக்காரர்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனபோது, அத்தனை பேருடைய உள்ளங்கைக் காய்ப்பும் அவரோடு போய்விட்டது. பிசிறு தட்டும் அக்காவுக்கு உளியை எடுத்தபோதுதான் அது தெரிந்தது. வார்த்தெடுத்த இரும்பின் ஓரத்துப் பிசிறுகளை உளி வைத்துச் சுத்தியலால் தட்டியெடுப்பது அவள் வேலை. வருஷக்கணக்காகத் தட்டிக் காய்த்த கை, மதியத்துக்குள் பச்சைப்பிள்ளையின் கைபோலச் சிவந்து கொப்புளம் கட்டியது. கை தேறாவிட்டால் வேறு ஆளைப் போடவேண்டியதுதான் என்றார் மேற்பார்வையாளர். அவள் தொழிற்சங்கச் செயலாளரும்கூட. அவளை வெளியே அனுப்ப இப்படி ஒரு சாக்குக்காகத்தான் நிர்வாகம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

தலைவரோ மேடைக்கு மேடை கையை விரித்துக் காட்டினார். தானும் உழைப்பாளிதான், சங்கத்துக்காரர்கள் சந்தாவைத் தின்றுவிட்டுத் தூங்குகிறார்கள், இனி இதுதான் தொழிலாளர் கட்சி என்றார். அவர் அமைச்சரும்கூட; எட்டு மணி நேர வேலையைப் பத்தாக்கும் ஆணை அவருடைய கையெழுத்துக்காக மேசைமேல் கிடந்தது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை. உழைத்தவர்களின் கையை உரித்துக்கொண்டுபோய் உழைத்தவர்களிடமே காட்டி ஓட்டுக் கேட்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! கூட்டம் கைதட்டியது. அதில் வேன் ஓட்டும் அக்காவின் கணவனும் இருந்தான்.

"உங்க சங்கம் இத்தனை வருஷமா என்னத்தக் கிழிச்சுச்சு? அவராவது வாசல் வரைக்கும் வந்து கை குடுத்தாரு" என்றான். சங்கத்தில் பாதிப் பேர் கூட்டத்துக்கே வருவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது.

மறுநாள் பேருந்துப் பணிமனை வாசலில் தலைவர் கைகொடுக்க வந்தபோது அவளும் வரிசையில் நின்றாள். பிடித்த கையை விடவில்லை. விடும்மா என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

"என்னோடது வந்ததும் விட்டுர்றேன்" என்றாள் அக்கா.

காவலர்கள் இழுத்துப் பிரிப்பதற்குள் அவளுடைய காய்ப்பு வந்து சேர்ந்துவிட்டது. கூடவே, நடுவிரல் ஓரத்தில் அவளுக்கு என்றுமே இருந்திராத சின்னக் காய்ப்பு ஒன்றும் வந்திருந்தது. பேனா பிடித்துப் பிடித்துத் தலைவர் சொந்தமாகச் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

அதன்பிறகு அவர் கையில் பேனா நிற்கவில்லை. இடது கையால் முயன்றார்; கோழி கிண்டியதுபோல வந்தது. கைநாட்டு வைக்கலாமே என்று உதவியாளர் சொன்னதற்கு, நான் என்ன கூலிக்காரனா என்று சீறினாராம். காய்ப்பைப் பறிகொடுத்த மற்றவர்களும் அவர் போகிற இடமெல்லாம் போய், ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துத் தங்களுடையதை வாங்கிவந்தார்கள். சங்கக் கூட்டத்தில் இப்போது உட்கார இடமில்லை. பாவம், அந்த மனுஷனுடையதைத் திருப்பிக் கொடுத்துவிடேன் என்றான் கணவன்.

"வேணும்னா வரட்டுங்க. வரிசையில நின்னு வாங்கிக்கட்டும்."

அவர் வரவில்லை. ஆணை மேசைமேல்தான் கிடக்கிறது. எட்டு மணி நேரம் முடிந்ததும் வார்ப்பாலையில் சங்கு ஊதுகிறது. அக்கா உளியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.